ஐஸ் கணக்கு

முப்பது கிலோ கட்டி, ஒன்று.
தினமும் பதினொன்றரைக்கு.
துரோலாக்கில் தண்டவாளம் தாண்டி
செம்பனை ஆரம்பிக்கும் இடத்தில் கடைசி வீடு.
முதல் வாரம்
கல்யாண வேலை என்று நினைத்தேன்.
இரண்டாம் வாரம்
பிணம் என்று நினைத்தேன்.

அது கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றது.
குரைக்கவில்லை.
டயரை மோந்து பார்க்க வரவில்லை.
மஞ்சள் கண்ணை என்மேல் வைத்தது,
கடன்காரன் வைப்பதுபோல் அல்ல,
தராசில் எடைக்கல் வைப்பதுபோல்.

"நாய்தான்க்கா" என்றான் இளவரசு.
"கால்வாசி நாய்."
மீதி முக்கால்?
காகிதத்தைக் காட்டினான். எங்கோ
பனி பெய்யும் ஊரின் முத்திரை,
தாய் பெயர், தகப்பன் பெயர்,
எழுபத்தைந்து சதவீதம் ஓநாய்.
என் பிறப்புச் சூராட்டில்
தகப்பன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு கோடுதான்.

எதற்கு வாங்கினாய் என்றேன்.
குலை லோரி ஓட்டிச் சேர்த்த சீட்டுப் பணம்.
"பதினாலு வருஷமா
'ஓய்'னு கூப்பிட்டா திரும்புறவன் நான்.
இது கூப்பிட்டா திரும்பாதுக்கா."

அவன் பெண்டாட்டி தவமலர்
அதற்கு வைத்த பெயரைச் சொல்லமாட்டாள்.
பதினோராயிரம் வெள்ளி என்பாள்.
"பதினோராயிரம் வெள்ளிக்குத் தண்ணி வச்சாச்சா?"

கவுன்சில் பாரத்தில்
இனம் என்று ஒரு கட்டம்.
கிராணிப் பெண் பேனாவைத் தட்டிக்கொண்டே இருந்தாளாம்.
நாய் என்றால் பத்து வெள்ளி.
ஓநாய் என்றால் எவ்வளவு, அவளுக்கே தெரியாது.
கடைசியில் 'மற்றவை' என்பதில் ஒரு டிக்.
அந்தக் கட்டத்துக்குள்
இன்னும் இடம் இருப்பது
எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஐஸை அது நக்காது.
கட்டிப்பிடித்துக்கொள்ளும்.
முன்கால் இரண்டையும் சுற்றிப் போட்டு
தாடையை மேலே வைத்து
கண் மூடாமல் கிடக்கும்.
இரண்டு மணிக்கு நெஞ்சுக்கடியில் ஈரச் சிமெண்டு மட்டும்.
அப்புறம் எழுந்து நடக்கும், வேலியோரம்,
ஒரே வட்டம்.
புல் செத்து
பாத்திரம் விளக்கிய இடம்போல் மண் பளபளத்தது.

ராத்திரி ஆலைச் சங்கு பிடித்தால்
அதுவும் பிடிக்கும்.
சங்கு நின்றுவிடும். இது நிற்காது.
லயத்துப் பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள்,
பிறகு ஜன்னலைச் சாத்தினார்கள்.
எந்தப் பக்கமிருந்தும் பதில் வராததை
இளவரசு வாசற்படியில் உட்கார்ந்து
கேட்டுக்கொண்டிருப்பான் என்றாள் தவமலர்.

சீனப் பெருநாள் கழிந்து
அவன் வலது கையில் கட்டு.
செம்பனை முள் என்றான்.
கிளினிக்கிலும் அதையே எழுதினார்கள்.
செம்பனை முள்
மேலே இரண்டு கீழே இரண்டு என்று
ஓட்டை போடாது.
நான் கேட்கவில்லை. கட்டியை இறக்கினேன்.
"கோழியை நான்தான்க்கா பிடுங்கப் போனேன்.
அது சாப்பிட்டுக்கிட்டு இருந்துச்சு."

மார்ச் முழுக்க மழை இல்லை.
ஒரு நாள் லோரிப் பெட்டிக் கதவைத் திறந்தேன்,
வெள்ளைப் புகை வழிந்து தரைக்கு இறங்கியது.
வேலிக் கதவை அவன் சரியாகப் பூட்டவில்லை,
அல்லது பூட்டவே இல்லை.
அது என்னைத் தாண்டி நடந்தது.
முழங்காலில் ரோமம் உரசியது:
மேலே தேங்காய் நார்,
அடியில் வேறு ஏதோ,
இந்த ஊரில் யாருக்கும் தேவைப்படாத கனம்.
ஏறியது.
மீன்கடைக் கட்டிகளுக்கு நடுவே
மூன்று சுற்றுச் சுற்றி
வாலை மூக்கின்மேல் போட்டுக்கொண்டு
கண்ணை மூடியது.

ஏழு மாதத்தில்
அது தூங்கிப் பார்த்ததில்லை என்றான் இளவரசு,
ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசுகிற குரலில்.
தவமலர் வந்து எட்டிப் பார்த்தாள்.
பதினோராயிரம் என்று சொல்லவில்லை.
கதவைப் பாதி சாத்தினாள்,
சத்தம் வராமல்.

எனக்கு இன்னும் ஐந்து கடை பாக்கி.
மீன்கடை ஆ ஹெங் மூன்று தடவை போன் அடித்தார்.
எடுக்கவில்லை.
இன்ஜினை அணைத்தால் குளிர் போய்விடும்.
ஒன்றேகால் மணி நேரம்
நடுவெயிலில் லோரிதான் உறுமிக்கொண்டிருந்தது.

டீசல், பதினெட்டு வெள்ளி.
இளவரசு பேரில் எழுதினேன்.
எதற்கு என்ற கட்டத்தை
காலியாக விட்டேன்.