தகடு எண் 611

ஆளில்லாத படத்தை எவன் வாங்குவான்
என்று டவுன்ஹால் ரோடே கேட்டது.
சவரிராயன் வாய் திறக்கவில்லை.
முகூர்த்த வீட்டுக்குத் தம்பியை அனுப்பிவிட்டு
சைக்கிள் கேரியரில் முக்காலியைக் கட்டி
மேலூர் ரோட்டில் மிதித்தார்,
ஒரு கரட்டைப் படமெடுக்க.

நரிக்கரடு.
தாலுகா வரைபடத்தில் புளியங்கொட்டை அளவு.
வருஷா வருஷம் சித்திரை இரண்டாம் ஞாயிறு,
காலை ஏழே கால், அதே பாறை, அதே கோணம்.
முக்காலி வழுக்காமலிருக்க
பாறையில் மூன்று குழி வெட்டியிருந்தார்.
அதில் மழைத்தண்ணி நின்றால் தவிட்டுக்குருவி குடிக்கும்
என்றாளாம் ஆடு மேய்த்த பெரிச்சி.
நோட்டில் அதையும் எழுதியிருக்கிறார்,
வெளிச்சக் கணக்குக்குப் பக்கத்தில்.

இருபத்தாறு வருஷம்.
மழை பெய்த வருஷம் கரடு கொஞ்சம் கறுத்திருக்கும்,
பொய்த்த வருஷம் வெளுத்திருக்கும்.
மற்றபடி ஒன்றும் நடக்காது.
ஒன்றும் நடக்காததைத்தான் அவர் எடுத்தார்.

எனக்கு இதெல்லாம் தெரிந்தது கூலிக்கு.
கிரானைட் வழக்கில் ஸ்கேன் செய்கிறவன் நான்,
தகட்டுக்கு எண்பது ரூபாய்.
கரடு நின்ற இடத்தில் இப்போது
சதுரமாய் வெட்டிய பச்சைத் தண்ணீர்.
அது மலையே இல்லை, வெறும் மேடு என்கிறது குவாரித் தரப்பு.
எவ்வளவு உயரம், சொல்லுங்கள் என்கிறார் நீதிபதி.

பெட்டியில் இருபத்தைந்துதான் இருந்தன.
நோட்டு மட்டும் சொன்னது:
‘611. பெரிச்சி அடிவாரத்தில் நின்றுவிட்டாள்.
போகச் சொல்லியும் போகவில்லை.
கையில் தொரட்டி, பதினோரு அடி. படம் வீண்.’

ஊமச்சிகுளத்தில் மகள் வீடு.
அப்பா போன பிறகு அம்மா
வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டிய தகடுகள்
கோழிக்கூட்டுக்கு ஜன்னலாகியிருந்தன.
எத்தனை மலைகளோ, எல்லாம் துலக்கிய கண்ணாடி.
ஒன்று மட்டும் கறுப்பாய் நின்றது.
‘அதில் ஆள் இருக்குல்ல,
சுரண்ட அம்மாவுக்கு மனசு வரல’ என்றாள் செலின்.

மாலை நாலரை மணி.
நெகட்டிவில் வானம் இருட்டு, கல் வெளிச்சம்.
வெயில் கரடு வழியாகத்தான் உள்ளே வந்தது.
எச்சத்தின்மேல், தவிட்டின்மேல்,
அடைக்கோழியின் முதுகில்
நரிக்கரடு விழுந்து கிடந்தது,
தொரட்டியோடு ஒருத்தி காவலுக்கு.

சர்வேயர் அந்த மூன்று குழியில் கருவியை நிறுத்தினார்.
தொரட்டியை வைத்துக் கரட்டை அளந்தார்.
இருநூற்றுப் பன்னிரண்டு அடி.
தட்டச்சில் ஒரு வரி.

வழக்கு நடக்கிறது. என் பில் நிலுவையில்.

போன வாரம் போயிருந்தேன்.
பச்சைத் தண்ணீரைப் பின்னால் வைத்து
ஒரு புதுஜோடி சிரித்துக்கொண்டிருந்தது.
படமெடுக்க வந்த பையன்
முக்காலியை விரித்தான், லேசாக நகர்த்தினான்,
கால் மூன்றும் குழியில் இறங்கின.
குனிந்துகூடப் பார்க்கவில்லை.
‘இங்கதான்ணே சரியா நிக்குது’ என்றான்
பக்கத்தில் நின்ற என்னிடம்.