ஜனவரியில் தோற்ற ஆட்டம்

டொலிடோவில் இன்றிரவு பூஜ்ஜியத்துக்கும் கீழே.
ஏரிக்காற்று கராஜ் கதவைத் தட்டுகிறது,
பதிலுக்குக் காத்திராமல் போகிறது.
மாடியில் எர்வினின் குறட்டை.
சமையலறையில் நான், மடிக்கணினி,
தட்டில் ஆறிப்போன பியரோகி இரண்டு.

மேசைமேல் மட்டும் ஆகஸ்ட்.
முப்பத்தோராவது பருவம், எதிரணி மைதானம்,
இடதுபுறமிருந்து காற்று, மணிக்கு ஒன்பது மைல்.
கணினி சொல்கிறது. நம்புகிறேன்.

படம் கிடையாது இந்த விளையாட்டில்.
ஓடும் கால்கள் இல்லை, புழுதி இல்லை.
பந்து பறந்தால் ஒரு வரி எழுதும்.
பறக்காவிட்டாலும் ஒரு வரி.
"கணக்குப் புத்தகத்தையா விடிய விடியப் பார்க்கிறாய்?"
என்று கேட்டான் எர்வின், ஒரே ஒருமுறை.

இருபது வருடம் தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்தியவள் நான்.
அவனை மாற்றுடா, கை தளர்ந்தது தெரியவில்லையா,
கண்ணா அது, புண்ணா?
திரைக்குள் மேலாளர்
சூரியகாந்தி விதையை மென்று துப்பினார்.
கையில் அணி இல்லாதவரை
எவ்வளவு சுலபம்,
எப்போதும் சரியாக இருப்பது.

இப்போது கையில் அணி இருக்கிறது.
ஒஸ்வால்டோ பெரால்ட்டா, பிட்சர், வயது முப்பத்தேழு.
பிறந்த ஊர் பார்கிசிமேட்டோ என்று போட்டிருக்கிறது;
பிறந்ததோ ஏதோ ஒரு கணக்கின் வயிற்றில்.
பத்தொன்பது வயதில் நான்காம் சுற்றில் எடுத்தேன்.
முழங்கையில் இரண்டு அறுவை சிகிச்சை.
இரண்டாவதற்குப் பிறகு பதினான்கு மாதம் ஓய்வு,
அதாவது எனக்குப் பதினோரு இரவு.
திரும்பி வந்து அந்த வருடம் பதினாறு ஆட்டம் வென்றான்.
அன்று நான் சமையலறையில் தனியாகக் கை தட்டினேன்.

ஒன்பதாவது இன்னிங்ஸ். ஒரு ரன் முன்னிலை.
இரண்டு பேர் அவுட், இரண்டு பேர் பேஸில்.
நூற்றுப் பன்னிரண்டு பந்து வீசிவிட்டான்.
சோர்வைக் காட்டும் பட்டை
மஞ்சளைத் தாண்டிச் சிவந்துகொண்டிருக்கிறது.
வெளியே ட்ரெண்ட் ஹாலிபர்ட்டன் தயார்,
இருபத்துமூன்று வயது,
புது பஸ்ஸின் எஞ்சின் மாதிரி ஒரு தோள்.
எல்லா எண்ணும் அவன் பெயரையே சொல்லின.

நான் பெரால்ட்டாவை விட்டுவைத்தேன்.

இடது நடுக்களத்தில் தாழப் பறந்த அடி.
இருவரும் வந்து சேர்ந்தனர்.
ஆட்டம் முடிந்தது.
இரண்டரை வரி.

ஏழாவது இன்னிங்ஸில் சேமித்த கோப்பு இருக்கிறது.
திறந்தால் போதும், வெயில் திரும்பும்,
பட்டை பச்சையாகும்.
பார்க்க ஒரு ஈ காக்கை கிடையாது.
சுட்டியை அதன்மேல் வைத்தேன்.
குளிர்பெட்டி உறுமி நின்றது.
எர்வின் புரண்டு படுத்தான்.

திறந்தால் அந்தப் பதினாறு வெற்றியும்
இரவல் நகை.

ஆட்டக்காரர்களின் பிழைக்குத்
தாளில் ஒரு கட்டம் ஒதுக்கியிருக்கிறார்கள்.
விட்டுவைத்தவளின் பிழைக்குக் கட்டமே இல்லை.
பிழைத்தேன் என்று சொன்னால்
இரண்டு அர்த்தம்.
பியரோகியைத் தின்றேன். கணினியை மூடினேன்.

காலை நாலே முக்கால், பஸ் டிப்போ.
"முகம் ஏன் இப்படி, யாராவது போய்விட்டார்களா?"
டெல்பர்ட் காபி ஊற்றிக்கொண்டே கேட்டான்.
"ஒரு ஆட்டம் தோற்றோம்."
"பேஸ்பாலா?"
ஜன்னலைப் பார்த்தான்.
வரிசையாக நின்ற பஸ்களின் கண்ணாடிகளில்
ஒரு முழ நீளப் பனி தொங்கியது.
மேலும் கேட்கவில்லை, நல்ல மனிதன்.

தொலைபேசி அடித்தது. பதினேழாம் தடம்.
வெர்னா க்ரூஷ்கா, முப்பது வருட ஓட்டுநர்:
முதுகு பிடித்திருக்கிறது, ஆனால் ஓட்டிவிடுவேன், லொரேட்டா,
எனக்குத் தெரியாத பனியா.
பட்டியலைப் பார்த்தேன்.
கையுறையை ஊதிக்கொண்டு புதுப் பையன் ஒருவன்
மூலையில் உட்கார்ந்திருந்தான்.

வீட்டுக்குப் போ வெர்னா என்றேன்.
பையனை அனுப்பினேன்.

பதினேழாம் தடம் அன்று
ஆறு நிமிடம் தாமதம்.