பதினைந்தாம் பெட்டி

மாதத்தின் இரண்டாம் செவ்வாய்.
அல்கார்வே கரைக்கு வெளியே, பன்னிரண்டு மீட்டர் ஆழம்.
நேற்றைய தெற்குக் காற்று மணலைக் கிளப்பிவிட்டிருக்கிறது;
கையெட்டும் தூரத்துக்கு அப்பால்
எல்லாம் ஊகம்தான்.

பெட்டிகள் பதினான்கு.
பக்கத்துக்கு இரண்டு துளை விட்ட கான்கிரீட்.
ஒன்பது வருஷத்துக்கு முன் பாரந்தூக்கி இறக்கியது.
ஆறாவது பாதி புதைந்துவிட்டது.
ஒன்பதாவது விழுந்த நாளிலிருந்தே தலைகீழ்,
மீன்கள் யாரும் புகார் சொல்லவில்லை.

முப்பது மீட்டர் நாடாவை விரித்து
அதன்மேல் மெல்ல நகர்வேன்.
இடம் ஒரு மீட்டர், வலம் ஒரு மீட்டர்.
உள்ளே வந்தது உண்டு,
வெளியே நின்றது இல்லை.
போன மாதம் என் நீளத்துக்கு ஒரு களவா
ஒன்றரை மீட்டரில் நின்று
என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.
அது இல்லை.

பிளாஸ்டிக் தட்டில் பென்சில்:
சார்கோ இருபத்திரண்டு.
விலாங்கு ஒன்று, முகம் மட்டும்.
நான்காம் பெட்டி, பூஜ்யம்.
பூஜ்யத்தை எழுதத்தான் எனக்குச் சம்பளம்.
இருப்பதைச் சொல்ல
இந்தத் துறைமுகத்தில் ஆளுக்கா பஞ்சம்.

பதினொன்றின் நிழலில் ஒரு கயிறு.

கயிற்றின் முனையில் மண்குடுவை.
பேய்க்கணவாய்க்கு வைக்கிற குடுவை,
இங்கே வைக்கக் கூடாத குடுவை.
உரிம எண் இருக்கவேண்டிய இடத்தை
யாரோ கல்லால் தேய்த்திருக்கிறார்கள்.
முடிச்சைத் தேய்க்க மறந்துவிட்டார்கள்.

முனை இடப்பக்கம் வெளியே வரும் முடிச்சு.
இந்தக் கரையில் இடக்கையால் கயிறு கட்டுகிறவன்
ஒருவன்தான்.
சின்ன வயதில் என் காலணிக்கும்
அவன்தான் கட்டிவிட்டான்;
பள்ளிக்கூடத்தில் அதை அவிழ்க்க
மூன்று பேர் வேண்டியிருந்தது.

ஸெஃபெரீனோ,
அபராதம் உன் படகு இன்ஜினை விட அதிகம்.
இது நான் தண்ணீருக்குள் சொன்னது,
குமிழிகளாகத்தான் மேலே போனது.

விளக்கைக் குடுவைக்குள் காட்டினேன்.
ஒரு கண். கிடைக்கோடாய் ஒரு கருவிழி.
அவள் பின்னால், கூரையிலிருந்து,
அரிசி கோத்ததுபோல் சரம் சரமாக முட்டைகள்.
புனலைத் திருப்பி அவற்றின்மேல்
நீர் ஊதிக்கொண்டிருந்தாள், ஓயாமல்.
இனிச் சாப்பிடமாட்டாள்.
குஞ்சுகள் வெளியேறும்வரைதான்
அவளுக்கும் கணக்கு.

காற்று எழுபதுக்கு இறங்கிவிட்டது.
மேலே குவால்த்தெர் படகின் அடியில்
இரண்டு முறை தட்டினான்: நேரம்.

எடுத்துப் போனால் சாட்சி.
விட்டுப்போனால் நாளைக் காலை
அண்ணன் வந்து இழுப்பான்.
கத்தியை எடுத்தேன்.
முடிச்சுக்கு ஒரு சாண் மேலே ஒன்று,
குடுவையின் கழுத்தில் ஒன்று.
கயிறு தன் மிதவையைத் தேடி
மேலே சாய்ந்து போனது.
குடுவையை நகர்த்தவில்லை.
அதன் வாய்ப்பக்கம் மட்டும்
இரண்டு கல் வைத்தேன்.

தட்டில், பதினான்குக்குக் கீழே,
அச்சடித்த கட்டங்கள் முடிந்த இடத்தில்
நானே ஒரு கோடு இழுத்தேன்.
அமைப்பு 15. சுட்ட மண். சிறியது.
இறக்கிய தேதி தெரியவில்லை.
இறக்கியவர்

என்று எழுதி,
பென்சிலை அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.
பிறகு அடுத்த கட்டம்.
பேய்க்கணவாய்: 1.
முட்டைகள்: எண்ணவில்லை.

இரவு அவன் வீட்டில் சாப்பாடு.
மீன் குழம்பு, ரொட்டி, அண்ணி ஒத்தீலியாவின் ஓயாத பேச்சு.
உப்புக் குப்பிக்குப் பக்கத்தில்
ஈரம் காயாத அந்த முடிச்சை வைத்தேன்.
ஸெஃபெரீனோ பார்த்தான்.
ரொட்டியைப் பிய்த்தான். வாயில் வைக்கவில்லை.
அண்ணி தக்காளி விலைக்குப் போயிருந்தாள்.

வெகுநேரம் கழித்துக் கேட்டான்,
“உள்ளே ஏதாவது இருந்ததா?”

“இருக்கிறது” என்றேன்.