அவள் பக்கத்துக் குமிழ்

இவாலோவில் நவம்பர் கடைசி.
இரண்டு மணிக்கே பகல் கடையைச் சாத்திவிட்டது.
தொலைக்காட்சியில் பனிச்சறுக்குத் தாண்டல்,
அதில் நம்மவர்கள் தோற்றுக்கொண்டிருந்தார்கள்.
எழுந்து கொட்டகைக்கு வந்துவிட்டேன்.

ஹில்க்காவின் வெண்ணெய்க் கத்தியைக்
கேட்காமல் எடுத்து வந்திருக்கிறேன்.
நுனியில் நாடா சுற்றி
வோல்வோவின் கன்சோல் விளிம்பில் நுழைத்தேன்.
டக் என்றது.
உடைந்ததா கழன்றதா,
சத்தத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.
என் முழங்காலும் இப்படித்தான் பேசுகிறது.

இருக்கையைச் சூடாக்கும் குமிழ்கள் இரண்டு.
என்னுடையது ஒளிரும்.
அவளுடையது,
ரவுனோவிடம் வண்டியை வாங்கிய நாளிலிருந்தே
கறுப்பு.
உள்ளே விளக்கு எரிந்தால்தான் எண்கள் தெரியும்.
எரியாவிட்டால் வெறும் பொத்தான்,
யாருடைய கோட்டிலிருந்தோ அறுந்து விழுந்தது போல.

ஒன்பது குளிர்காலம் அப்படியே ஓட்டினோம்.
சின்ன பல்புதானே.

கம்பிக் கொத்தைக் கழற்றி
முதுகுப் பக்கம் கால் சுற்றுத் திருகினால்
கையில் விழுகிறது, கிராம்பு அளவுக்கு.
கண்ணாடிக்குள் புகை.
இழை அறுந்து, ஒரு முனை மட்டும்
இன்னும் எதையோ தேடி நீட்டிக்கொண்டிருக்கிறது.
அதையும் இழுப்பறையில் போட்டேன்.
எதையும் எறிவதில்லை நான்.
ஹில்க்கா அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறாள்.

புதியது எல்.ஈ.டி.
பன்னிரண்டு யூரோவுக்குப் பத்து.
மீதி ஒன்பதை வைத்து என்ன செய்வதென்று
கடைக்காரனுக்கும் தெரியவில்லை.

செருகினேன். எரியவில்லை.
ஊதினேன், துடைத்தேன்,
கடவுளின் பெயரையும் மற்றவன் பெயரையும் சொன்னேன்.
எரியவில்லை.
பிறகுதான் ஞாபகம்:
பழைய இழைக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான்,
இதற்கு நேர் எதிர் உண்டு.
பிடுங்கி, திருப்பி, மறுபடி செருகினேன்.

பச்சை.
பச்சையில் பூஜ்யம்.

முகப்பு விளக்கை அணைத்து மறுபடி போட்டேன்.
பூஜ்யம்தான்.

என் குமிழில் வலக்கோடி என்றால் இரண்டு, முழுச் சூடு.
அவளுடையது கண்ணாடியில் பார்த்த மாதிரி,
வலக்கோடி என்றால் ஒன்றுமில்லை.
கட்டியவன் எவனோ
அழகுக்காக அப்படி வைத்திருக்கிறான்.

"குளிர்கிறது" என்பாள்.
"கடைசிவரை திருப்பித்தானே வைத்திருக்கிறேன்" என்பேன்.
இனாரி போகும் வழியெல்லாம்,
அவள் தங்கையின் அடக்கத்துக்குப் போன
அந்த மைனஸ் முப்பத்தி நான்கிலும்.
சில நாள் அவளே கையுறையோடு
இடப்பக்கம் திருகுவாள்.
சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே
கையை நீட்டித் திரும்பவும் வலப்பக்கம் வைப்பேன்.
"அணைத்துவிட்டாயே, ஹில்க்கா."
பிறகு அவள் ஆட்டுத்தோல் ஒன்றை
இருக்கைமேல் விரித்துக்கொண்டாள்.
பிறகு சொல்வதையும் விட்டுவிட்டாள்.
பழகிவிட்டது என்று நினைத்தேன்.

கத்தியைக் காற்சட்டையில் துடைத்தேன்.
மூடியை அழுத்திப் பொருத்தினேன்.
ஒரு கிளிப் நிஜமாகவே உடைந்திருந்தது.

யாரிடமும் சொல்லாமல் இடக்கோடிக்குத் திருப்பிவிட்டு
உள்ளே போய்ப் படுத்திருக்கலாம்.
நாளை ஏறியதும், "அட, வேலை செய்கிறதே" என்பாள்,
நானும் ரிப்பேர்க்காரனாகவே இருந்துவிடலாம்.
கொட்டகை வாசலில்
அதை எண்ணிப் பார்க்கும் அளவுக்கு நின்றேன்.

சமையலறையிலிருந்து கூட்டி வந்தேன்.
இரவு உடுப்பு, என் ரப்பர் பூட்ஸ்.
"உட்கார்" என்றேன்.
ஆட்டுத்தோலை எடுத்துப் பின்னால் போட்டேன்.
சொன்னேன், பாதி வாக்கியங்களில்.

மூன்று நிமிடம் ஆகும் சூடேற.
பச்சை எண் அவள் மூக்குக்கண்ணாடியில்
இரண்டு இரண்டாகத் தெரிந்தது.
ஒன்றும் பேசவில்லை.
முதுகில் ஏறுவதை
அவள் தோள் இறங்குவதில் பார்த்தேன்.

"ஓ" என்றாள்.
வெகுநேரம் கழித்து,
"இதுவா என் வெண்ணெய்க் கத்தி?"

பிறகு கையை நீட்டினாள்.
என் குமிழை,
அவசரமே இல்லாமல்,
பூஜ்யத்தில் வைத்தாள்.