உறைநிலை

மார்கழி, ராத்திரி மூன்று மணி.
கமலாபுரத்துக் கிணற்றிலிருந்து வரும் குழாயில்
அழுத்தம் ஏறிக்கொண்டே இருக்கிறது.
கொழுப்படைத்த ரத்தக்குழாய் என்கிறான் செபஸ்தி.
போன வருடம் பைபாஸ் செய்துகொண்டவன்,
அவனுக்கு எல்லாம் அப்படித்தான்.

கொதிக்கக் கொதிக்கக் கிளம்பியது
நாலடி ஈரமண்ணில்
தாளடிப் பயிரின் வேருக்கடியில்
ஆறி ஆறி
மெழுகாகிச் சுவரில் அப்புகிறது.

முதலில் இலுப்பையெண்ணெயைத்தான் போட்டுப் பார்த்தேன்.
அது தானே உறைந்து
குடுவையில் நெய்யாக நின்றது.
ஆலையில்லாத ஊருக்குப் போய்ச் சேர் என்று
கழுவி ஊற்றினேன்.

பிறகு புங்கம்.
வாய்க்கால் கரையில் மூன்று மரம் தையல்நாயகிக்கு.
குழாய் பதித்த அன்று
மண்வெட்டியோடு குறுக்கே நின்றவள்.
சித்திரையில் விதை கேட்டுப் போனபோது
கிலோ நாற்பது என்றாள்.
எதற்கென்று கேட்டாள், சொன்னேன்.
தராசு முள்ளையே பார்த்தாள் கொஞ்ச நேரம்.
"தழை என் வயலுக்கு,
கொட்டை உன் குழாய்க்கா?"
அப்புறம் அறுபது என்றாள்.

காய்ச்சி, வடித்து, எஸ்டராக்கி
ஆயிரத்துக்கு ஒரு பங்கு.
மருந்திடாத கச்சா
முப்பத்துமூன்று டிகிரியிலேயே கல்.
இதைச் சாய்க்கிறேன்:
முப்பதில் ஓடுகிறது.
இருபத்தேழில்
கறுப்பு ஒரு கணம் யோசித்து, வழிகிறது.
இருபத்துநான்கில் நின்றுவிட்டது.

மண்ணுக்குள் இப்போது இருபத்தெட்டு.

அந்த ஒரு டிகிரியை நம்பி
செபஸ்தி வால்வைத் திறக்கிறான்.
முள் இறங்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.
விரலிடுக்கில் புங்கநெய்க் கசப்பு,
டீசல் ஊற்றிக் கழுவியும் போகவில்லை.