ஈ

"ஈ சொல்லுங்க" என்றார் டாக்டர் ஜெபமணி,
என் நாக்கைத் துணியால் பிடித்து இழுத்துக்கொண்டே.
ஈ என்றேன். ஆட்டுக்குட்டி கத்தியது போலிருந்தது.
தக்காளி மண்டிக்காரனிடமா ஈ கேட்கிறார்?
சிரிக்கப் பார்த்தேன்,
நாக்கு அவர் கையில் இருந்தது.

திரையில் காட்டினார்:
ஈரமாக இரண்டு வெள்ளை நாண்கள்,
இடப்பக்கம் மட்டும்
அரிசி நொய் அளவு ஒரு பொருக்கு.
இருபத்திரண்டு வருஷம்
வி.கோட்டா மண்டியில் விடியுமுன்
நூட்டபதி, நூட்ட இருவை, நூட்ட முப்பை என்று
ஏலம் கூவியதெல்லாம்
இந்த இரண்டு இழையை வைத்துத்தானா?

பீடியா என்றார்.
இரண்டு விரல் காட்டினேன், நாளுக்கு இரண்டு கட்டு.
திட்டவில்லை, எழுதிக்கொண்டார்.

"கழுத்தை அறுக்க வேண்டாம். வாய் வழியாகவே
லேசரில் சீவி எடுத்துவிடலாம்.
ஆரம்பத்திலேயே வந்துட்டீங்க."
பாப்பம்மா கேட்டாள், வெளிச்சம் சுடுமா?
"சுடும்மா. அதனாலதான்
முகத்துல ஈரத்துணி போடுவோம்."

அந்த வெளிச்சத்தை நான் பார்க்கவேயில்லை.
விழித்தபோது முன்பல் ஓரம் உடைந்திருந்தது,
நாக்கு மரத்திருந்தது.
கழுத்தைத் தடவினேன்,
நேற்றைய தாடி மட்டும்.

பத்து நாள் பேசக் கூடாது,
கிசுகிசுக்கவும் கூடாது.
பேரணாம்பட்டு தாண்டி
பத்தலப்பள்ளி மலையேறும் பஸ்ஸில்
கண்டக்டர் தெலுங்கில் கேட்டான் எங்கே என்று.
சிலேட்டைக் காட்டினேன்.
தமிழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
எனக்குத் தெலுங்கு எழுத வராது.
இத்தனை வருஷமும்
வாயால் மட்டும்தான் நான் ஆந்திராக்காரன்.

கட்டுப் போடாத கழுத்தைப் பார்த்து
சலபதி நம்பவில்லை,
கூலி ஏற்றச் சொல்லி மௌனவிரதமா என்றான்.
நான் ஏறி நிற்கும் பெட்டியில்
அவன் மருமகன் நின்று கூவினான்.
நல்ல கெட்டிப் பழம்,
நூற்று அறுபதுக்குப் போக வேண்டியது.
நூட்ட நலபையில் விட்டுவிட்டான்.
வாயைத் திறந்தேன்,
மூடினேன்.
இன்னும் நான்கு நாள்.

மறுபடி அதே நாற்காலி.
வெட்டிய ஓரமெல்லாம் சுத்தம் என்று
காகிதம் வந்திருந்தது.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரணும், வருவீங்களா?
தலையாட்டினேன்.
"தலையாட்டாதீங்க. ஈ சொல்லுங்க."

முதலில் வெறும் காற்று.
பிறகு சிமெண்டுத் தரையில்
தகரத்தை இழுப்பது போல ஒன்று.
மலைக்கு அந்தப் பக்கம்
ஈ என்றால் இந்த.
இந்தப் பக்கம் ஈ என்றால் பூச்சி,
அல்லது, கொடு.

எதைச் சொன்னேனோ.
"போதும்" என்றார்.
இன்னொரு தரம் சொன்னேன்.