படிக்கட்டின் விலை

நான் அளவையாளர். என் தொழில் வெட்டுவது.
சீமெந்து, கம்பி, ஓடு, பிணைச்சல்
எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்புப் பேனை.

வெள்ளவத்தையில், கடலோரத் தண்டவாளத்துக்குக்
கூப்பிடு தூரத்தில் ஓர் ஒழுங்கை.
ஏழு மாடி, இருபத்தொரு வீடு.
வரைந்தவள் ஜெசிந்தா பூபாலராயர், தூத்துக்குடிக்காரி.
"நம்ம ரெண்டு ஊருக்கும் ஒரே உப்பு" என்றாள்
முதல் கூட்டத்தில்,
கை குலுக்குவதற்கு முன்பே.

எதையும் அவள் உப்பிலிருந்துதான் தொடங்குவாள்.
கம்பிக்கு மேல் கொங்கிறீட் எத்தனை மில்லிமீற்றர் என்பது
தீர்ந்த பிறகுதான் முகப்பைப் பற்றிப் பேச்சு.
கண்ணாடி முகப்புக் கேட்ட முதலாளியை
பின்னேரம் நாலு மணிக்கு, மேற்கு பார்த்த
தகரக் கொட்டகைக்குள் இருத்தித்
தேத்தண்ணி கொடுத்தாள்.
பாதிக் கோப்பையில் அவர் எழும்பிவிட்டார்.
கண்ணாடி போயிற்று.

தன் வேலைகளின் பட்டியலில்
முதலாவதாக அவள் எழுதுவது
ஒரு பஸ் நிலையத்துக் கழிப்பறை.
"கதவு உள்ளே திறந்தா கைப்பிள்ளையோட நிக்க முடியாது.
வெளியே திறந்தா நிக்கலாம்.
கட்டடக்கலையில எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்."
சென்னையின் பெரிய அலுவலகத்தை
அவள் விட்டு வந்தாளா, விலக்கினார்களா,
சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை.

சண்டை படிக்கட்டில் வந்தது.
நான் ஒதுக்கியது நாலடி. அவள் வரைந்தது ஆறு.
ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கல் இருக்கை,
கடல் பக்கம் துளைச் செங்கல் சுவர்.
"லிஃப்ட் இருக்குத்தானே, படியில ஆர் இருக்கப் போறது?"
வெட்டினேன்.
அடுத்த வரைபடத்தில் ஆறடி திரும்ப வந்தது.
வெட்டினேன். வந்தது.
மூன்றாம் முறை, தன் கட்டணத்திலிருந்து
அந்தத் தொகையைக் கழித்து
ஒரு வரி விளக்கமும் இல்லாமல் அனுப்பியிருந்தாள்.
பேனையை மூடினேன். மன்னிக்கவில்லை.

பிழையும் விட்டாள்.
முதல் தென்மேற்குப் பருவத்தில்
ஐந்தாம் மாடிச் சமையலறைகளுக்குள்
மழை சாய்ந்து வந்தது.
நஸ்லியா முனவ்வர் தொலைபேசியில் கத்த,
விமானமேறி வந்து
அடுப்படியில் வெறுங்காலோடு நின்று, நனைந்து,
"என் கணக்கு தப்பு" என்றாள்.
என் காதுபட வேறெந்தக் கட்டடக் கலைஞரும்
அந்த மூன்று சொல்லைச் சொன்னதில்லை.

பிறகு அந்த வருஷம்.
டீசல் இல்லை, பால்மா இல்லை,
பாதி நாளுக்குக் கரண்ட் இல்லை.
லிஃப்ட் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்
வாயை மூடிக்கொண்டது.
நிர்வாகக் குழுவிடம் ஒரு கோப்புக் கொடுக்கப் போனவள்
தடவி ஏற ஆயத்தமாய்க் கைபேசி விளக்கை எரித்தேன்.
அணைத்தேன்.

துளைகளூடே கடல் வெளிச்சம்.
முதல் திருப்பத்தில் ஒரு பெடியன் பௌதிகம் படித்தான்.
மூன்றாவதில், வரிசையில் நின்று வென்ற காஸ் சிலிண்டரைத்
தோளிறக்கி இரண்டு பேர் மூச்சு வாங்க,
பக்கத்தால் உரசாமல் போக எனக்கு இடமிருந்தது.
ஐந்தாவதில் நஸ்லியா, மடியில் சுளகும் அரிசியும்.
"வீட்டுக்குள்ள வேகுது, இங்க காத்து" என்று நகர்ந்தார்.
இருந்தேன். கல் குளிர்ந்திருந்தது.
கீழே ரயில் போக, சுவர் முழுக்க
ஒரு மெல்லிய நடுக்கம்.

பழக்கம் விடவில்லை. சாணால் அளந்தேன்.
வரைபடத்தில் இருக்கையின் உயரம் பதினெட்டு அங்குலம்.
இருந்தது பதினைந்து.
என்னைக் கேட்காமல் யாரோ வெட்டியிருக்கிறார்கள்.

நஸ்லியாவின் பாதங்கள்
முழுதாய்த் தரையில் பதிந்திருந்தன.
என்னுடையவையும்.